விண்வெளிச் சாதனைகளை எழுதி வைப்பது யார்? கேள்வி பதில்

விண்வெளிச் சங்கங்கள், பதிவேடுகள், சாதனைக் கணக்குகள் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி, பள்ளி ஆசிரியர்): யூரி ககாரின் விண்கலத்தோடு தரையிறங்கவில்லை, தனியாகப் பாராசூட்டில் இறங்கினார் என்று படித்தேன். அப்படியானால் அவருடைய சாதனை செல்லுமா?

பதில்: செல்லும் ஐயா. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான். ஆனால் அந்தச் சான்றிதழில் ஒரு சிக்கல் இருந்தது உண்மை. பறத்தல் சாதனைகளுக்குச் சான்று தருவது 1905-இல் பாரிஸில் தொடங்கிய எஃப்.ஏ.ஐ. என்ற பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு. விண்வெளிப் பயணத்துக்கும் அவர்களே விதி வகுத்தார்கள். ஓட்டுபவர் தன் கலத்தோடு இறங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சாதனை ஆசையில் யாரும் உயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

ககாரின் போன வஸ்தோக் கலமோ உள்ளே ஆள் இருந்தால் தாங்கும் அளவுக்கு மெதுவாகத் தரை தொடாது. அதனால் 1961 ஏப்ரல் 12 அன்று, 108 நிமிடப் பயணத்தின் கடைசியில், சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் ககாரின் இருக்கையோடு வெளியே வீசப்பட்டார். சரத்தோவ் வட்டாரத்தில் கலம் ஓரிடத்தில் விழ, அவர் வேறோர் இடத்தில் இறங்கினார். சோவியத் தரப்பு இதைச் சொல்லாமலேயே விண்ணப்பித்தது, சான்றும் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்த இன்னொரு சோவியத் வீரர் கெர்மன் தித்தோவ், தான் கலத்திலிருந்து வெளியேறித்தான் இறங்கியதாக வெளிப்படையாகச் சொன்னதும் விஷயம் பெரிதானது. கூட்டமைப்பு உட்கார்ந்து பேசி விதியைத் திருத்தியது. மனிதனை ஏவி, பூமியைச் சுற்ற வைத்து, உயிரோடு திரும்பக் கொண்டுவந்ததுதான் சாதனை, இறங்கிய விதம் அல்ல என்று முடிவானது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். மறைத்தது தவறு, பறந்தது உண்மை. இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம்): விண்வெளி 80 கிலோமீட்டரில் தொடங்குகிறதா, 100 கிலோமீட்டரிலா?

பதில்: யார் பதிவேட்டைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஃப்.ஏ.ஐ. கணக்கில் 100 கிலோமீட்டர், அதுதான் கார்மன் கோடு. அமெரிக்க விமானப்படைக்கு 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர். இதனால் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை ஓட்டியவர்களில் எட்டுப் பேர் அமெரிக்கக் கணக்கில் விண்வெளி வீரர்கள், எஃப்.ஏ.ஐ. கணக்கில் ஒரே ஒருவர்தான். அவர் ஜோ வாக்கர். 1963-இல் இரண்டு முறை 100 கிலோமீட்டரைத் தாண்டினார். 80 கிலோமீட்டரே இயற்பியலுக்குப் பொருந்தும் என்று வாதிடுபவர், 1989 முதல் விண்வெளிச் செய்தி மடல் எழுதிவரும் வானியலாளர் ஜொனாதன் மெக்டோவல்.

கேள்வி (கோவை, பொறியியல் மாணவி): விண்வெளிச் சங்கங்களை அரசுகள்தான் தொடங்கினவா?

பதில்: இல்லைம்மா, பெரும்பாலும் ஆர்வலர்கள். பிரிட்டனின் வானூர்திச் சங்கம் 1866-இலேயே வந்துவிட்டது, ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 37 ஆண்டு முன்பு. ராக்கெட் பக்கம் 1927-இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் ஒரு சங்கம், 1930-இல் நியூயார்க்கில் ஒன்று, 1933-இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம். நியூயார்க் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர் அறிவியல் புனைகதை எழுதியவர்கள். 1934-இல் பெயரை அமெரிக்க ராக்கெட் சங்கம் என்று மாற்றிக்கொண்டார்கள். 1963-இல் விமானப் பொறியாளர்களின் சங்கத்தோடு இணைந்து, ஏ.ஐ.ஏ.ஏ. என்ற இன்றைய அமெரிக்க வானூர்தி, விண்வெளிச் சங்கம் ஆனது. இந்திய வானூர்திச் சங்கம் 1948-இல் பிறந்தது. கிளைக் கூட்டங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலையில் இருப்பவர்களிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு கல்லூரியில் சுலபமாகக் கிடைக்காது.

கேள்வி (நாகர்கோவில்): ஆரியபட்டாவுக்கு 1975-033ஏ என்று ஒரு எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

பதில்: சுற்றுப்பாதையை எட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் பன்னாட்டுப் பதிவேட்டில் தரும் அடையாள எண் அது. 1975-ஆம் ஆண்டின் 33-ஆவது வெற்றிகரமான ஏவுதல், அதில் முதல் பொருள் என்று பொருள். 1963 முதல் இந்த முறைதான். அதற்கு முன் கிரேக்க எழுத்துகள். ஸ்புட்னிக் 1957 ஆல்ஃபா 2. முதல் இடமான ஆல்ஃபா 1, கூடவே சுற்றிய ராக்கெட் பகுதிக்குப் போனது, காரணம் அதுதான் வானில் பளிச்சென்று தெரிந்தது.

இந்தப் பதிவேட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுற்றுப்பாதையை எட்டாத எதற்கும் எண் கிடையாது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ஏற்றிச் சென்ற ரோகிணிக்கு 1980-062ஏ என்ற எண் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10-இல் அதே ஏவுகலத்தின் முதல் முயற்சி வங்கக் கடலில் முடிந்தது, அதற்கு எண் இல்லை. அப்துல் கலாம் தலைமையில் உழைத்தவர்களுக்கு இரண்டாவது ஏவுதலைக் கற்றுக்கொடுத்ததே அந்த முதல் ஏவுதல்தான். ஆகவே ஒரு நாட்டின் வரலாறு எழுதும்போது இந்த எண்களை மட்டும் நம்பாதீர்கள், தோல்விப் பட்டியலையும் தேடி எடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஒரு நாடு மறைத்தால் வெளியே இருப்பவர்களால் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடிந்திருக்கிறது. இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு பள்ளி. இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி தன் மாணவர்களோடு, எளிய வானொலிக் கருவியை வைத்துக்கொண்டு சோவியத் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு வந்தார். எந்த நிமிடத்தில் சிக்னல் வருகிறது, எப்போது மறைகிறது, அதிர்வெண் எப்படி இறங்குகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அதிலிருந்து பாதையைக் கணக்கிடலாம். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மோஸ் 112-இன் பாதை, தெரிந்த ஏவுதளம் எதோடும் ஒத்துப்போகவில்லை. அடுத்து வந்த ஏவுதல்களின் தடங்களையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், எல்லாம் வட ரஷ்யாவில் ஓரிடத்தில் சந்தித்தன. அதுதான் பிளெசெட்ஸ்க். அப்படி ஒரு ஏவுதளம் இருப்பதை சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983-இல்தான். பள்ளிப் பிள்ளைகள் நேரத்தைச் சரியாகக் குறித்ததால் வெளிவந்த உண்மை இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம்.

கேள்வி (சென்னை): சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் தங்கியது உலக சாதனைதானே?

பதில்: இல்லை. ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்தவர் வலேரி போல்யகோவ், 437 நாள், 1994-95-இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில். பெண்களில் கிறிஸ்டினா கோக், 328 நாள். எல்லாப் பயணங்களையும் கூட்டினால் ஒலெக் கொனனென்கோ 1,111 நாளோடு 2024-இல் திரும்பினார். சுனிதாவின் உண்மையான சாதனை, கலத்துக்கு வெளியே வேலை செய்த நேரம்: மொத்தம் 62 மணி 6 நிமிடம். 2025 ஜனவரி 30-இல் பெண்களில் முதலிடம் பிடித்தார். அதைச் சொல்லிப் பாராட்டுவதுதான் அவருக்குப் பெருமை.

கேள்வி (மதுரை, வினாடி வினா நடத்துபவர்): ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களோடு இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட் முதலில் பறந்தது 2022 அக்டோபர் 22 என்று சிலர், 23 என்று சிலர் சொல்கிறார்கள். எதற்கு மார்க் போடுவது?

பதில்: இரண்டுக்கும் போடுங்கள் சார். ஸ்ரீஹரிகோட்டாவில் அது கிளம்பியபோது நம் கடிகாரத்தில் 23-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12 மணி 7 நிமிடம். பன்னாட்டுப் பட்டியல்கள் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகின்றன, அதன்படி 22-ஆம் தேதி மாலை 6.37. அடுத்த முறை கேள்வித்தாளில் ‘இந்திய நேரப்படி’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், தகராறு வராது.