555 நோட்டு

வணக்கம் சார்,

ஜூரோங்கில் ஒரு சரக்கு அலுவலகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கீழே பதினோரு பேர். எந்தத் திரையைப் பார்த்தாலும் ஷாப்பி, யூடியூப், ஊருக்கு டிக்கெட். சம்பளம் வாங்கும் இடத்தில் இப்படிச் செய்ய இவர்களுக்கு ஏன் கூசுவதில்லை? இந்தத் தலைமுறையே இப்படியா? தளங்களை மூடிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.12-க்கு, அலுவலக மின்னஞ்சலிலிருந்து வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா சொன்னேன்.

தலைமுறைப் பேச்சை விடுங்கள், நாங்கள் ஆபீஸ் போனில் பேசாத ஊர்க்கதையா! தளங்களை மூடுவது? 2017-ல் இங்கே சிங்கப்பூரில் அரசு ஊழியர்களின் கணினிகளிலிருந்தே இணையத்தைப் பிரித்தார்கள், அது பாதுகாப்புக்காக. அப்போதும் கைப்பேசி சட்டைப்பையில்தான் இருந்தது. அப்புறம் அந்த டிக்கெட். இந்திய ரயிலின் அவசர முன்பதிவான தட்கலில் ஏசி வகுப்பு ஊர் நேரம் காலை 10-க்குத் திறக்கும், நமக்கு 12.30. தஞ்சாவூரிலிருந்து அம்மாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய பையன் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விவியன் லிம் 2002-லேயே வேலை நேரத்தில் இணையம் மேய்வதை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். நிறுவனம் தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று நினைப்பவர் மனசுக்குள் ஒரு பேரேடு போட்டுக்கொள்கிறார். இவ்வளவு கூடுதலாக உழைத்தேன், அதனால் இந்த அரை மணி நேரம் எனக்கு வரவேண்டிய பாக்கி என்று கணக்கு நேராகிவிடுகிறது. கூச்சம் எங்கிருந்து வரும்?

மனசுக்குள் என்ன, அந்தப் பேரேட்டை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆன்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தபோது பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார அக்கா. மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்று அவர் டிராயரில் இருக்கும். இடது பக்கம் கம்பெனி எடுத்த நிமிஷங்கள்: 'சாப்பாட்டு நேரம் மீட்டிங், 20', 'ஃபேக்ஸுக்குக் காத்திருந்தது, 35'. வலது பக்கம் அவர் எடுத்தது: 'மகளுக்கு மெயில், 15', 'பேங்க், 10'. பென்சிலில், குண்டு குண்டாக. நான் சிரிப்பேன். சிரிக்காதே தம்பி, உன் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ராத்திரி 10.40-க்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளைக்குக் கண்டெய்னர் லிஸ்ட்டை யார் பார்த்தது?' என்று கேட்டதே இல்லையா? பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் அதற்குப் பதில் தட்டியவன் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவான்? பதினோரு திரைகளை எட்டிப் பார்த்த நீங்கள் உங்கள் ஃபோனை ஒருமுறை மேலே தள்ளிப் பார்த்திருக்கலாம். வெறும் சோம்பேறிகளும் உண்டுதான். இணையத்தைப் பிடுங்கினால் அவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அந்த அக்கா வேலையை விட்டுப் போன நாளில் இருவரும் உட்கார்ந்து கணக்கைக் கூட்டினோம். கம்பெனி அவருக்கு 41 மணி நேரம் பாக்கி. "சரி, ஹலாலாக்கிவிட்டேன்" என்றார். கடனை மன்னித்துவிட்டேன் என்று பொருள். நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். மணி 5.30. மேலாளர் அறையிலிருந்து குரல், ஏதோ ஒரு ஃபைலைக் காணோமாம். போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தவர், நின்றபடியே பையைத் திறந்து நோட்டை எடுத்து, இடது பக்கத்தில் '25' என்று எழுதினார்.