வடை சைஸும் ராஜா சட்டமும்

கேள்வி: பைசாண்டைன் ராஜ்யத்துல, அதான் கிழக்கு ரோம ராஜ்யம், தப்பு பண்ணா மூக்க அறுத்துடுவாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன் சார். நிஜமாவே சட்டத்துல இருந்துச்சா, இல்ல ராஜாவுக்கு கோவம் வந்தா பண்றதா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சட்டத்துலயே இருக்குங்க. 8ஆம் நூற்றாண்டுல அந்த ஊர் ராஜா மூணாம் லியோ தன் பையனோட பேரையும் சேர்த்து போட்ட ‘எக்லோகா’ங்கிற சட்டப் புத்தகத்துல, அடுத்தவன் பொண்டாட்டியோட தப்பு பண்ணா ரெண்டு பேருக்கும் மூக்கு போகும். இதுல கூத்து என்னன்னா, பழைய சட்டத்த மனுஷத்தன்மையோட திருத்தியிருக்கோம்னு அவங்களே முன்னுரைல எழுதிக்கிட்டாங்க, ஏன்னா முன்னாடி உயிரே போற தப்பு சிலதுக்கு இப்ப மூக்க மட்டும் அறுத்துட்டு விட்டாங்க. அதே முன்னுரைல ஜட்ஜுக்கு சம்பளம் அரசாங்கமே குடுக்கும், யார்கிட்டயும் கைநீட்டக்கூடாதுன்னும் இருக்கு, இத யாரும் வீடியோ போட மாட்டாங்க.

அதுக்கு 200 வருஷம் முன்னாடி ஜஸ்டினியன் ராஜா சட்டத்த எல்லாம் தொகுத்தாரே, அது பெரும்பாலும் லத்தீன், ஜனங்க பேசினது கிரேக்கம். யாருக்கு புரியும்? அதான் சுருக்கி சுருக்கி கிரேக்கத்துல எழுதிட்டே இருந்தாங்க, பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் மாதிரி. பின்னாடி வந்த ராஜா ஆறாம் லியோ 60 புத்தகமா ‘பசிலிகா’ன்னு போட்டாரு, ஆனா என்னக் கேட்டா நின்னது சின்ன புத்தகம்தான். 1345ல தெசலோனிகி ஜட்ஜ் ஹார்மெனோபூலோஸ் எழுதின ஆறு பாக கைப்புத்தகம், 1453ல ராஜ்யமே போனப்புறமும் ஓடி, கிரீஸ் நாட்டுல 1946 வரைக்கும் கோர்ட்ல இருந்துச்சு!

எனக்கு ரொம்ப பிடிச்சது அதே ராஜ்யத்துல கிராமத்துக்குன்னு இருந்த ‘விவசாயி சட்டம்’தான். அடுத்தவன் திராட்சை தோட்டத்துல பூந்து அங்கயே தின்னா தண்டனை கிடையாது, திருட வந்தவன்னா அடிச்சு சட்டைய உருவிட்டு விடுவாங்க. மாங்கா அடிச்சு வளந்த யாருக்கும் இந்த கணக்கு புரியும்.

கேள்வி: நான் டீக்கடை வச்சிருக்கேன். அந்த காலத்துல கடைக்காரங்களுக்கும் ரூல் உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: அய்யோ, ஏகப்பட்டது. 10ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அந்த ராஜ்யத்தோட தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள்ல நகர அதிகாரி, எபார்க்னு பேரு, அவரோட ரூல் புத்தகம் ஒண்ணு இருக்கு. கோதுமை விலை ஏறினா ரொட்டிக்காரர் எபார்க் ஆபீஸுக்கு போயி ரொட்டி எடை எவ்வளவுன்னு கேட்டுட்டு வரணும். நம்ம ஊர்ல உளுந்து விலை ஏறினா வடை தானா சின்னதாயிடுது, மாஸ்டரே எபார்க். வாசனை சாமான் விக்கிறவங்களுக்கு அரண்மனை வாசல் பக்கமாதான் இடம், வாசனை அங்க இருக்கிற இயேசு படத்துக்கும் அரண்மனைக்கும் போகணுமாம், உங்க ஏரியா கோயில் பக்கத்து பூக்கடை மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா ரொட்டிக்காரருக்கு ஒரு சலுகை உண்டு: அவரையோ அவர் மாட்டையோ எந்த அரசாங்க வேலைக்கும் இழுக்க கூடாது, ரொட்டி நின்னுடுமேன்னு. பதிலுக்கு ஒண்ணு, ஜனம் குடியிருக்கிற வீட்டுக்கு கீழ அடுப்பு வைக்கக்கூடாது, நெருப்பு பயம். உங்க கடைக்கு மேல யாராவது குடியிருக்காங்களா?