நாள் முழுக்க நின்றே வேலை, இதில் உடம்பைப் பார்ப்பது எப்போது?

காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, 9.30க்குக் கடைக்கு ஓடி, இரவு 9 மணிக்கு மேல்தான் வீடு திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மதியச் சாப்பாடே 4 மணிக்குத்தானாம். "எனக்கென்று பத்து நிமிஷம்கூட இல்லை, உடம்பை எப்போது கவனிப்பது?" என்று கேட்கிறீர்கள். நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 16 வருஷமாக நிற்கிறேன். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

கூட்டம் குறையட்டும், அப்புறம் நம்மைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ரொம்ப நாள் காத்திருந்தேன். ஆடித் தள்ளுபடி முடிந்தால் தீபாவளி, அது முடிந்தால் பொங்கல், நடுவில் முகூர்த்தம். தனியாக நேரம் வரவே இல்லை. உடம்பு கேட்பதை, அது கேட்கிற நேரத்திலேயே கொடுத்துவிடுவது என்று மாறிய பிறகுதான் வழி பிறந்தது.

முதலில் தண்ணீர். எங்கள் மாடியில் கழிப்பறை கிடையாது. கீழே இறங்கி, குடோனைத் தாண்டிப் போக வேண்டும். போய் வந்தால் "எங்கம்மா போன?" என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தே யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் ஒரு டம்ளர், மதியம் சோற்றுக்கு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். ஒரு தீபாவளி சீசனில் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சலோடு மூன்று நாள் படுத்துவிட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். வீட்டில் இரண்டு தடவை. கடையில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து கவுண்டருக்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்று, கடை அடைப்பதற்குள் இன்னொன்று. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும், பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போய் வருவேன். அவள் போனால் அவள் கஸ்டமரை நான் பார்த்துக்கொள்வேன்.

அடுத்தது கால். இரவு செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், பத்து எண்ணும்வரை நிரம்பாது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் சதைக்குத்தான். நடந்தால் அது இறுகி இறுகித் தளரும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காமல் ரத்தம் கீழேயே தேங்கும். அதனால் கஸ்டமர் பிரித்துப் போட்ட சேலையை மடிக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். ஒரு சேலைக்கு இருபது தடவை வரும். எதிரே நிற்பவருக்குத் தெரியவும் தெரியாது. இரவு பாயில் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்துப் பத்து நிமிஷம். அம்மாவிடம் போனில் பேசுவதும் அப்போதுதான். செருப்பு வாங்கினால் சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் நமக்குச் சரி. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

உட்காருவதற்கு நமக்குச் சட்டமே இருக்கிறது. 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாட்டில் 2021இல் திருத்தி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண், கடைகளில் நிற்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம்தான் நாற்காலி. அதைப் படித்தபோது எங்கள் மாடிதான் கண்ணில் வந்தது.

எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. முதல் ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை. எல்லாருக்கும் தயக்கம். வயதில் மூத்தவள் என்று நான்தான் முதலில் உட்கார்ந்தேன். "யக்கா, ஏதும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்ட சின்னப் பெண், மறுநாள் தானும் உட்கார்ந்தாள்.

டீ விஷயத்தில் ஒன்று மட்டும். சோறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எண்ணெய்க் குளியல் எனக்கு வார லீவு அன்றுதான் முடிகிறது. யோகா, முகப்பூச்செல்லாம் நல்லதுதான், ஆனால் நான் செய்ததில்லை, அதனால் சொல்லத் தெரியாது.

உங்கள் 4 மணிச் சாப்பாட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எங்கள் பிரிவில் மூன்று பேர் உட்கார்ந்து பேசி, 12.45, 1.15, 1.45 என்று முறை எழுதி, தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். முகூர்த்த நாளில் முன்பின் ஆகும், ஆனால் 2.30ஐத் தாண்ட விடுவதில்லை. உங்கள் கடையில் எப்போது கூட்டம் குறைகிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, கூட நிற்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள், எங்கள் தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.