நடு உறுப்பைப் பிரிக்க எண் கிடைக்காதபோது

கேள்வி: மகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டில் முதல் கெழு 1 என்றால் எங்கள் இருவருக்குமே காரணிப்படுத்த வருகிறது. 6ம² − 7ம − 20 = 0, 12ம² + ம − 35 = 0 போன்றவை வந்தால் நடு உறுப்பைப் பிரிக்கும் எண்களைத் தேடியே நேரம் போய்விடுகிறது. 3ம² + 5ம − 4 = 0 என்பதில் எவ்வளவு தேடியும் எண் கிடைக்கவில்லை. தப்பு எங்களுடையதா, கணக்கினுடையதா? பேசாமல் எல்லாவற்றுக்கும் சூத்திரத்தையே போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் மாறியை நீங்கள் எழுதியபடி நானும் ‘ம’ என்றே எழுதுகிறேன். ம² உடைய கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண், ஏ; ம உடைய கெழு பி, தனியே நிற்கும் மாறிலி சி.

கடைசிக் கணக்கில் தப்பு உங்களுடையது இல்லை. 3ம² + 5ம − 4 என்பதை முழு எண்களைக் கொண்டு காரணிப்படுத்தவே முடியாது. இல்லாத எண்களைத் தேடியிருக்கிறீர்கள். அதைத் தேடத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். எண்கள் இருக்கும் கணக்குகளில் அவற்றைத் தேடாமலே எடுக்கவும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

நடு உறுப்பைப் பிரிக்கும்போது நாம் கேட்பது என்ன? இரண்டு எண்கள். கூட்டினால் பி வர வேண்டும், பெருக்கினால் ஏ × சி வர வேண்டும். கூடுதலும் பெருக்கலும் தெரிந்தால் இரண்டு எண்களையும் கண்டுபிடிப்பது மிகப் பழைய வித்தை. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இந்த வகைக் கணக்குகள் உள்ளன. அவர்கள் ஊகித்துக்கொண்டிருக்கவில்லை, இரண்டு எண்களின் வித்தியாசத்தைப் பிடித்தார்கள்.

8, 3 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். கூடுதல் 11, பெருக்கல் 24. கூடுதலின் வர்க்கம் 121. அதிலிருந்து பெருக்கலின் நான்கு மடங்கான 96-ஐக் கழித்தால் மீதி 25. அது 5-இன் வர்க்கம், 8-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமும் 5. எந்த இரண்டு எண்களை வைத்தாலும் இப்படியே வரும்: கூடுதலின் வர்க்கத்தில் பெருக்கலின் நான்கு மடங்கு போனால், வித்தியாசத்தின் வர்க்கம்.

இனி கூடுதலுக்குப் பதிலாகப் பி-யையும் பெருக்கலுக்குப் பதிலாக ஏசி-யையும் வையுங்கள். கிடைப்பது பி² − 4ஏசி. ஆமாம், ம = (−பி ± √(பி² − 4ஏசி))/(2ஏ) என்ற சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் உட்கார்ந்திருக்கும் அதே தன்மைகாட்டிதான். நாம் தேடும் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்தான் அது என்பதைப் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. மூலங்கள், அதாவது சமன்பாட்டின் விடைகள், மெய்யா, சமமா என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு சோதனையாக மட்டும் கற்றுக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

உங்கள் முதல் கணக்கு, 6ம² − 7ம − 20. தன்மைகாட்டி 49 + 480 = 529. அது 23-இன் வர்க்கம். ஆக, தேடும் எண்களின் கூடுதல் −7, வித்தியாசம் 23. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8, கழித்துப் பாதியாக்கினால் −15. தேட வேண்டியதில்லை, கிடைத்துவிட்டது:

6ம² + 8ம − 15ம − 20
= 2ம(3ம + 4) − 5(3ம + 4)
= (3ம + 4)(2ம − 5)

எனவே ம = −4/3 அல்லது 5/2.

பாதியாக்கும்போது பின்னம் வந்து விழுமோ என்று பயப்பட வேண்டாம். தன்மைகாட்டியில் பி² உடன் நான்கின் ஒரு மடங்கு மட்டுமே கூடவோ குறையவோ செய்கிறது. ஆகவே பி ஒற்றை என்றால் தன்மைகாட்டியின் வர்க்கமூலமும் ஒற்றை, பி இரட்டை என்றால் அதுவும் இரட்டை. பாதி எப்போதும் முழு எண்தான்.

பிரித்த பிறகு இரண்டு அடைப்புக்குறிகளும் ஒரே மாதிரி வருவது ஏன் என்று மகள் கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 8, −15 ஆகியவற்றின் பெருக்கலும் 6, −20 ஆகியவற்றின் பெருக்கலும் ஒன்றே, −120. அதனால் 6-க்கும் 8-க்கும் உள்ள விகிதமே −15-க்கும் −20-க்கும் இருக்கிறது. இரண்டுமே 3-க்கு 4. அந்த 3-உம் 4-உம்தான் (3ம + 4) ஆக இரண்டு முறை தலைகாட்டுகின்றன. எண்களை இடம் மாற்றி −15ம + 8ம என்று எழுதினாலும் குடி முழுகாது. 3ம(2ம − 5) + 4(2ம − 5) என்று வந்து அதே விடையில் நிற்கும்.

இரண்டாவது கணக்கு, 12ம² + ம − 35. பெருக்கல் −420. 420-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக 12 விதமாக எழுதலாம். நேரம் விழுங்கப்படுவது இங்கேதான். தன்மைகாட்டி 1 + 1680 = 1681, அதாவது 41². எண்கள் 21, −20. காரணிகள் (4ம + 7)(3ம − 5). இதை வேறு கண்ணாலும் பார்க்கலாம். பெருக்கல் குறை எண் என்பதால் ஒன்று மிகை, ஒன்று குறை. கூடுதல் வெறும் 1 என்பதால் இரண்டும் அளவில் அக்கம்பக்கத்து எண்கள். 420-இன் வர்க்கமூலம் 20-க்கும் 21-க்கும் நடுவே இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் இரண்டும் கையோடு கிடைக்கும். 2 × 210, 3 × 140 என்று ஓரத்திலிருந்து தொடங்கும் பழக்கம் இந்தக் கணக்குக்கு உதவாது. நடு உறுப்பு பெரிதாக இருந்தால் மட்டுமே ஓரத்திலிருந்து வருவது லாபம்.

மூன்றாவது, 3ம² + 5ம − 4. தன்மைகாட்டி 25 + 48 = 73. 8² = 64, 9² = 81. இடையில் முழு வர்க்கம் இல்லை, ஆகவே முழு எண் காரணிகளும் இல்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும்: எந்த முழு வர்க்கமும் 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியாது. காரணிப்படுத்த வராது என்றால் விடை இல்லை என்று அர்த்தமில்லை. சூத்திரம் (−5 ± √73)/6 என்று தரும், தோராயமாக 0.591, −2.257. விடைகள் இருக்கின்றன, அவை விகிதமுறு எண்களாக இல்லை, அவ்வளவுதான். தன்மைகாட்டியே குறை எண்ணாக வந்தால், உதாரணமாக 2ம² + 3ம + 5 = 0 என்பதில் −31, மெய் மூலங்களே கிடையாது. ஆனால் காரணிப்படுத்தச் சொல்லிக் கொடுத்த கணக்கில் இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் நோட்டை. முதல் கணக்கில் −20-ஐ +20 என்று பார்த்து எழுதினால் போதும், 529 போய் −431 வந்துவிடும்.

சரி, எல்லாவற்றுக்கும் சூத்திரம்தானா? விடை மட்டும் வேண்டும் என்றால் போடலாம், தப்பே இல்லை. பழைய கணித அறிஞர் ஸ்ரீதரர் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் 4ஏ-ஆல் பெருக்கச் சொன்னார். பிறகு பி²-ஐச் சேர்த்தால் (2ஏம + பி)² = பி² − 4ஏசி என்று முழு வர்க்கமாக வந்து நிற்கும். சூத்திரம் அங்கிருந்து ஓர் எட்டு தூரம்தான். எந்த இருபடிச் சமன்பாட்டுக்கும் அது செல்லும். ஆனால் காரணிப்படுத்துவதைக் கைவிட்டுவிட்டால் பின்னால் வரும் பின்னக் கோவைகளைச் சுருக்குவதற்கும் அசமன்பாடுகளுக்கும் கை ஓடாது. என் வழக்கம் இது: முதலில் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து தன்மைகாட்டி. முழு வர்க்கமாக வந்தால் காரணி, வராவிட்டால் சூத்திரம். எண்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும் சின்னக் கணக்கில் தன்மைகாட்டிகூடத் தேவையில்லை.

பொதுக் காரணி என்றதும் ஓர் எச்சரிக்கை. 18ம² − 21ம − 60 = 0 என்பது சமன்பாடு. 3-ஆல் இரு பக்கமும் வகுத்து அந்த 3-ஐ மறந்துவிடலாம். “18ம² − 21ம − 60-ஐக் காரணிப்படுத்துக” என்பது கோவை. அங்கே 3-ஐத் தொலைத்தால் விடை தப்பு. 3(3ம + 4)(2ம − 5) என்றுதான் எழுத வேண்டும். மாறியால் வகுப்பது இன்னும் மோசம். ம² = 5ம என்பதை ம-ஆல் வகுத்து ம = 5 என்று முடித்தால், ம = 0 என்ற விடை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

காரணிப்படுத்தித் தீர்க்கும் முறை முழுவதும் தொங்குவது வலப்பக்கத்து 0-வில். இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியம் என்றால் ஏதாவது ஒன்று பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் இல்லை. (ம − 2)(ம − 3) = 6 என்று வந்தால் ம − 2 = 6 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அப்படி வரும் 8-ஐத் திருப்பிப் போட்டால் 6 × 5 = 30. விரித்து, 6-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ம² − 5ம = 0. விடைகள் 0, 5.

விடையைச் சரிபார்க்க முழுவதும் விரித்துப் பெருக்க நேரமில்லை என்றால் ம = 10 என்று போட்டுப் பாருங்கள். 6ம² − 7ம − 20 அப்போது 600 − 70 − 20 = 510. காரணிகளில் போட்டால் 34 × 15, அதுவும் 510. குறி மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மகளுக்குப் பயிற்சிக் கணக்கு வேண்டுமென்றால் புத்தகத்தைத் தேட வேண்டாம். நீங்கள் இரண்டு அடைப்புக்குறிகளை எழுதி, பெருக்கி, விரித்ததை மட்டும் அவளிடம் கொடுங்கள். அவள் ஒன்று தயாரித்து உங்களுக்குத் தரட்டும். நாலைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாறிலியை மட்டும் மாற்றிக் காரணி வராத ஒன்றையும் நடுவில் சொருகிவிடுங்கள். தேடிக்கொண்டே இருக்கிறாளா, தன்மைகாட்டியைப் பார்த்துவிட்டு “இது வராது” என்கிறாளா என்பது அதில் தெரிந்துவிடும்.