லேபுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார், தம்பி

தம்பி, மண்டபத்திலிருந்து பாஸ்டன் வருகிறாய், ஒரே வைரஸ் சிலரை மட்டும் ஏன் படுக்கையில் தள்ளுகிறது என்பதை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) வைத்து ஆராயும் லேபில் இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கோட்டு எங்கே வாங்குவது, அரிசி கிடைக்குமா, வீடு எங்கே பார்ப்பது என்று கேட்டாய். அரிசி கிடைக்கும். கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள். வீடுதான் விஷயம்.

வாடகை கையைக் கடித்தாலும் லேபுக்கு நடந்து போகும் தூரத்தில் பார். நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து புறநகரில் வீடு எடுத்திருப்பார்கள், பாசமாகக் கூப்பிடுவார்கள். போகாதே. அவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். வெள்ளி சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் திங்கள்தான் திறப்பார்கள். நீ வளர்க்கப் போகும் ஐபிஎஸ் செல்லுக்கு, அதாவது தோல் செல் போன்றதைத் திருப்பி ஆக்கிய ஸ்டெம் செல்லுக்கு, பெரும்பாலும் தினமும் மீடியா என்ற ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். கவனிப்பு குறைந்தால் செல் கூட்டத்தின் ஓரத்திலிருந்து அது தன்னிஷ்டத்துக்கு வேறு செல்லாக மாறத் தொடங்கிவிடும். நம் கடலுக்காவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு, செல் வளரும் இன்குபேட்டர் பெட்டிக்கு அது கிடையாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று உனக்கே தோன்றும். ஹெர்பிஸ் வைரஸையே எடுத்துக்கொள். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் அது சும்மா கிடக்கிறது. வெகு சில குழந்தைகளுக்கு மட்டும் மூளைக்குள் புகுந்து உயிருக்கே உலை வைக்கிறது. அவர்களில் சிலருக்கு டிஎல்ஆர்3 என்ற மரபணுவில் பழுது. ஆனால் உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளையை வெட்டி எடுத்துப் பார்க்க முடியுமா? ஜப்பான் விஞ்ஞானி யமனாக்கா 2007-இல் மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டியதும் வழி பிறந்தது. 2012-இல் அத்தகைய நோயாளிகளின் தோல் செல்லை அப்படித் திருப்பி, அதிலிருந்து நியூரான் என்ற நரம்புச் செல்லை வளர்த்து வைரஸை விட்டுப் பார்த்தார்கள். நியூரான்கள் எளிதில் வைரஸுக்கு இரையாயின. சரியான மரபணுவைச் செல்லுக்குள் கொடுத்ததும் அந்தப் பலவீனம் நீங்கியது. பழுதுதான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! அந்த நியூரானை வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு ஞாயிறு கோட்டை விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு யார் தலையில் விழும் என்றும் கேட்டுக்கொள். நான் முதலில் இருந்த லேபில் புதிதாக வந்த இந்தியர், சீனர் தலையில்தான். விசா பயத்தில் நாம் வாயைத் திறக்க மாட்டோம் என்று லேப் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாரக்கடைசி முறைப் பட்டியலைச் சேருமுன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே; வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதல் நாளே கேட்கிறார்கள்.

2015 பிப்ரவரிப் பனியில் இந்த ஊரில் ரயிலே நின்றுபோனது. நான் அப்போது அந்தப் புறநகர் வீட்டில்தான். பிள்ளைகள் சுடச்சுட வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டு, "ஒரு நாளைக்குச் செல்லு செத்தா என்னக்கா?" என்றார்கள். அறைத்தோழியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாம்பன்காரிக்குப் பனியில் நடக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விழுந்து எழுந்துதான் போய்ச் சேர்ந்தேன். மாதம் முடிந்ததும் லேபுக்குப் பின்தெருவில் ஒரு சீனப் பெண்ணோடு சின்ன அறைக்கு மாறிவிட்டேன். மீன் தலையை வீணாக்காதவள் அவள். எங்கள் குழம்பு அவளுக்கும் பிடித்துப்போனது. பஜ்ஜி போட்டவர்கள் இன்னும் கோயில் வாசலில் கூடி, இந்த ஊர் குளிரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லேப் எந்தத் தெருவில் என்று எழுது. அந்தப் பக்கம் அறை இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.