கொங்குப் பக்கம் கோயில் நோம்பிகளில், அதாவது திருவிழாக்களில், மெல்லிசைக் குழுக்கள் ஏன் குறைந்துவிட்டன? புதுப் பாட்டெல்லாம் இப்போது எப்படித்தான் காதில் விழுகிறது?

முதல் காரணம் காசுதான். கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், பாடுபவர்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்து சோறு போடுவதற்குப் பதில், ஒரு லேப்டாப்போடு டிஜே வந்தால் நோம்பிக் கமிட்டிக்கு வேலை முடிந்தது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிற 2000ஆம் ஆண்டு விதி வேறு, விடிய விடிய ஓடிய கச்சேரிகளின் கழுத்தைப் பிடித்தது.

முன்பு புதுப் பாட்டு என்றால் வானொலி, டவுன் பஸ், அப்புறம் கேசட் கடை. பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள், கடைசியில் நாடா மிச்சமிருந்தால் கடைக்காரர் தனக்குப் பிடித்ததாக ஒன்றைச் சேர்த்துவிடுவார், கேள்விப்படாத பாட்டெல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. அந்த வேலையைத்தான் இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டுச் செயலிகள் செய்கின்றன: உங்களைப் போலவே கேட்பவர்கள் வேறென்ன கேட்டார்கள், எதைப் பாதியில் தள்ளினார்கள் என்று பார்த்து அடுத்ததை நீட்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கிலேயே வரும். பாட்டுகளில் முன்னிசை சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, எல்லாமே போய்விட்டதா என்றால் இல்லை. வள்ளி கும்மி கற்றுக்கொடுக்கும் கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜமாப் மேளக் குழுக்களுக்கும் பறைக் குழுக்களுக்கும் இப்போது யூடியூபில் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.