ஒரே ஊர், ஒரே பெயர், மூன்று ஆட்கள்: 1600-களின் ஆங்கிலேய மூதாதையர் இவர்களில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்ச் பதிவேட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் வந்து குழப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவேட்டைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு உயிலைத் தேடுங்கள்.

என் மருமகன் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். அவர் வழியில் 1640-களில் இருந்த ஒரு விவசாயியைத் தேடி நாங்கள் இருவரும் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்தோம். சர்ச்சுகள் பதிவேடு வைக்கச் சொல்லி மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538-இல். ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்: இன்னார் மகன் இன்னார். பல ஊர்களில் தாயின் பெயர்கூட இருக்காது. குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு.

தேதியிலும் சறுக்கினோம். கல்யாணம் 1640 ஜூன். தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1640 பிப்ரவரி! மருமகன் நெளிந்தார், நான் டீ போட எழுந்து போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது: 1751 வரை அங்கே வருஷம் பிறந்தது மார்ச் 25-இல். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1641. (அப்படியும் எட்டு மாதம்தான் ஆகிறது. நான் வாய் திறக்கவில்லை.)

முடிச்சை அவிழ்த்தது உயில்தான். ஒரு மகளுக்குச் செம்புக் கொப்பரை, இன்னொருத்திக்கு ஒரு பசு, கூடவே இருவருடைய கணவன்மார் பெயர்களும். அந்தக் கல்யாணங்களைப் பதிவேட்டில் பிடித்ததும் மூவரில் இருவர் கழன்றுகொண்டார்கள்.

உறவுச்சொல்லை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஷேக்ஸ்பியர் 1616 உயிலில் பேத்தி எலிசபெத்தை 'நீஸ்' (இன்றைய பொருளில் உடன்பிறந்தவரின் மகள்) என்கிறார். 'சன் இன் லா' (இன்று மகள் கணவன்) மனைவிக்கு முந்தைய கணவன் மூலம் பிறந்த மகனாகவும் இருக்கலாம், 'கசின்' அண்ணன் மகனாகவும் இருக்கலாம். அக்கா மகனையும் மகள் புருஷனையும் மருமகன் என்கிற நமக்கு இது பெரிய அதிசயமில்லை. மூத்த மகன் பெயரே இல்லையென்றாலும் அப்பாவுக்கும் அவனுக்கும் பகை என்று முடிவுகட்டாதீர்கள். நிலம் முன்பே அவன் கைக்குப் போயிருக்கலாம்.

1858 ஜனவரி வரை உயில்கள் பெரும்பாலும் சர்ச் நீதிமன்றங்களில்தான் பதிவாயின. சொத்து ஒரே ஆர்ச்டீக்கனின் (பிஷப்புக்குக் கீழுள்ள சர்ச் அதிகாரி) எல்லைக்குள் இருந்தால் வழக்கமாக அவர் நீதிமன்றத்துக்கு, அதைத் தாண்டினால் பிஷப் நீதிமன்றத்துக்கு. இரண்டு பிஷப்புகளின் எல்லைக்குள் சொத்து இருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றத்துக்கு. கேன்டர்பரி உயில்கள் 1384 முதல் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மற்றவற்றை அந்தந்தக் கவுன்டி (மாவட்டம் மாதிரி) காப்பகத்தில் கேளுங்கள். டெவன் கவுன்டிக்காரர் என்றால் சிரமம்: 1942 குண்டுவீச்சில் அங்குள்ள எக்ஸெடர் நகரிலிருந்த உயில்கள் எரிந்துபோயின.

உயிலோடு சொத்துப் பட்டியல் இருந்தால் விடாதீர்கள். அக்கம்பக்கத்தார் வீடு புகுந்து எழுதியது. முதல் வரி வழக்கமாகப் பணப்பையும் உடுப்பும், பிறகு அறை அறையாகக் கட்டில், பாத்திரம், தொழுவம் வரை.

அந்தக் காலத்தில் கணவன் உயிரோடு இருக்கும் பெண் உயில் எழுதுவது அபூர்வம். விதவை எழுதுவாள், அதுவும் பேரப்பிள்ளை வரை பெயர் சொல்லி. உங்கள் மூவரில் யாராவது மனைவிக்கு முன்னால் இறந்திருந்தால் அவள் உயிலிலிருந்து ஆரம்பியுங்கள்.